பவர் ஸ்டீயரிங்கும் ஒரு லிட்டர் ஆயிலும்

காரின் பானட்டைத் திறந்தவுடன் கண்ணில் படுவது என்ஜின். அதைச் சுற்றிக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நாலைந்து பிளாஸ்டிக் டப்பாக்கள் தெரியும். ஒன்று ரேடியேட்டர் தண்ணீருக்கு, ஒன்று வைப்பர் தண்ணீருக்கு, ஒன்று பிரேக் ஆயிலுக்கு. இன்னொன்று சின்ன டப்பா. பெரும்பாலும் அதன் மூடியில் ஸ்டீயரிங் படமோ எழுத்தோ இருக்கும். அதுதான் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா. சிவில், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் "இது நமக்கு எதுக்குப்பா" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வேலைக்குப் போய் நாம் முதலில் வாங்கப் போவது எப்படியும் ஒரு பழைய கார்தான். அதில் இந்த டப்பா இருக்க வாய்ப்பு அதிகம்!

நான் ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனவே இந்தக் கட்டுரையை எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன். புத்தகத் தமிழில் ஆரம்பித்து நடுவில் பட்டறைப் பேச்சு வந்துவிட்டால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

பவர் இல்லாத லாரியை ஓட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்பட்டை கழன்று போகும் என்பார்கள். வண்டியின் முன்பக்க எடை முழுவதும் இரண்டு டயர் மேல் நிற்கிறது. அந்த டயரைத் தரையில் தேய்த்துத் திருப்ப வேண்டும் என்றால் சும்மாவா? இதற்கு ஒரு வழி கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர். லாரி கம்பெனியில் வேலை பார்த்த இவர் 1920-களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் உதவி செய்யும் ஸ்டீயரிங்கைச் செய்து காட்டினார். ஆனால் செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தயங்கின. விற்பனைக்கு வந்த காரில் அது முதலில் இடம்பெற்றது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியல் என்ற வண்டியில். நம் பக்கத்திலும் இந்தத் தொழில் உண்டு. லாரி, பஸ்களுக்கான பவர் ஸ்டீயரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில் இருக்கிறது.

இனி அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். என்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் மூலமாக ஒரு சின்ன பம்ப் சுற்றுகிறது. பம்ப், டப்பாவில் இருக்கும் ஆயிலை இழுத்து அழுத்தத்தோடு ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக்கின் வாயிலில் ஒரு வால்வு. அதன் உள்ளே மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது, பெயர் டார்ஷன் பார். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறோம், டயர் 'வர மாட்டேன்' என்று பிடிவாதம் பிடிக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட அந்தக் கம்பி லேசாக முறுக்கிக்கொள்கிறது. எவ்வளவு முறுக்குகிறதோ அந்த அளவுக்கு வால்வு திறக்கிறது. ஆயில் ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து தள்ளுகிறது. மறுபக்கத்து ஆயில் டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது. டயர் திரும்பியதும் கம்பி நேராகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒரு கம்பியின் முறுக்கலை வைத்தே இவ்வளவையும் செய்திருக்கிறார்கள்! இதை வகுப்பில் முதன்முதலாக வெட்டிய மாடலில் பார்த்தபோது எனக்குப் படம் பார்த்த மாதிரி இருந்தது.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று 30 முதல் 35 பி.எஸ்.ஐ. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும்போது பம்பில் எழும் அழுத்தம் ஆயிரம் பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். பல கார்களில் 1,000 முதல் 1,500 வரை. இதைத் தாங்கி நிற்பது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் சீல்கள். அதனால்தான் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்கிறார்கள். அந்த நிலையில் ஆயில் எங்கும் போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறுகிறது. ஐந்து விநாடிக்குள் ஒரு நூல் அளவு திருப்பி விட்டுவிட வேண்டும்.

இந்த ஆயிலுக்கு நாலு வேலை. அழுத்தத்தைக் கொண்டு போக வேண்டும், பம்பின் உள்பாகங்கள் தேயாமல் வழவழப்பு தர வேண்டும், சூட்டை வாங்கிக் கொண்டு வர வேண்டும். நாலாவது வேலையைத்தான் பலர் மறந்து விடுகிறார்கள். அது ரப்பர் சீலோடு ஒத்துப் போக வேண்டும்.

ரப்பர் என்றால் ரப்பர்தானே என்று நினைக்கிறோம். இல்லை. பவர் ஸ்டீயரிங்கில் இருப்பது பெரும்பாலும் நைட்ரைல் வகை ரப்பர். இது பெட்ரோலிய எண்ணெயைத் தாங்கும். பிரேக்கில் இருப்பது இ.பி.டி.எம். என்ற வேறு ரப்பர். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் எழுதியிருப்பவை கிளைகால் வகைத் திரவங்கள். இதற்குப் பழகிய ரப்பர் அதற்கு ஆகாது, அதற்குப் பழகிய ரப்பர் இதற்கு ஆகாது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதை நாங்களே செய்து பார்த்தோம். பிரேக் வீல் சிலிண்டரிலிருந்து கழற்றிய ஒரே அளவு ரப்பர் கப் இரண்டை எடுத்து, ஒன்றைப் பிரேக் ஆயிலிலும் மற்றொன்றைச் சாதாரண என்ஜின் ஆயிலிலும் போட்டு ஒரு வாரம் வைத்தோம். பிரேக் ஆயிலில் கிடந்தது அப்படியே இருந்தது. என்ஜின் ஆயிலில் கிடந்தது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் போய், சிலிண்டருக்குள் நுழையவே மாட்டேன் என்றது. மாற்றிச் செய்தாலும் கேடுதான். பவர் ஸ்டீயரிங்கில் பிரேக் ஆயில் போனால் நைட்ரைல் சீல் ஊறி, மெத்தென்று ஆகி, உதடு பிய்ந்து ஒழுக ஆரம்பிக்கும். பம்புக்குத் தேவையான வழவழப்பும் கிடைக்காது.

இது எங்கள் குடும்பத்தில் நடந்திருக்கிறது. என் தாய்மாமன் வாடகை வண்டி ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பைனான்ஸ் போட்டுப் பழைய இன்னோவா ஒன்று வாங்கினார். ஒரு நாள் வெளியூர் சவாரியில் ஸ்டீயரிங் திருப்பும்போது 'ஊய்ங்' என்று சத்தம் வரவே, ரோட்டோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தியிருக்கிறார். அங்கிருந்த பையன் டப்பாவைத் திறந்து பார்த்து, "ஆயில் கம்மியா இருக்குண்ணே" என்று கையில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பி விட்டான். சத்தமும் நின்றது. மாமா சந்தோஷமாக ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து வண்டி நின்ற இடத்தில் எல்லாம் சிவப்பாகச் சொட்டு. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. ரேக்கை இறக்கிப் பிரித்து, சீல் செட் மாற்றி, பம்பையும் பிரித்து, குழாய்களைக் கழுவி மாட்ட 14,000 ரூபாய். அது ஆவணி மாதம், முகூர்த்தச் சவாரி ஓடும் நேரம். வண்டி இரண்டு வாரம் படுத்துவிட்டது. தவணை கட்ட அத்தையின் கம்மல் அடகுக்குப் போனது.

அந்த வண்டியின் டப்பா மூடியை நான் பிறகு துடைத்துப் பார்த்தேன். டெக்ஸ்ரான் 2 அல்லது 3 பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே பொறித்திருக்கிறது. "மாப்ள, அதுல என்னமோ எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியும்டா. என்ன எழுதியிருக்குன்னு யாரு சொல்லுவா?" என்றார் மாமா. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பட்டறைப் பையனையும் எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவனுக்கும் என் வயதுதான் இருக்கும் என்றார் மாமா. வண்டியை நம்பிப் பிழைக்கிறவர், வண்டியைச் சரி செய்கிறவர், இரண்டு பேருக்குமே தெரியாத மொழியில்தான் மூடிமேல் விஷயம் இருக்கிறது. இப்போது மாமா வண்டியில் அந்த டப்பாவுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: 'டெக்ஸ்ரான் ஏ.டி.எஃப். மட்டும். பிரேக் ஆயில் ஊற்றாதே.' அவர் ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களும் கேட்டு, இதுவரை ஏழு வண்டிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் மூடியைப் பார்த்துத்தான் எழுதினேன், ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு எழுதவில்லை.

ஏனென்றால் எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில் இல்லை. டெக்ஸ்ரான் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்காக 1967-இல் வெளியிட்ட ஆயில் தரத்தின் பெயர். ஏ.டி.எஃப். என்றால் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட். கியர் பெட்டிக்கான ஆயில் ஸ்டீயரிங்குக்கு எப்படி வந்தது என்றால், அழுத்தம், சூடு, சீல் எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது, கடையில் எளிதாகக் கிடைத்தது. டொயோட்டா போன்ற பல கம்பெனிகள் அதையே சொல்லிவிட்டன. ஆனால் ஹோண்டா தன் பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வண்டிகளுக்குத் தனி ஆயில் வைத்திருக்கிறது, ஏ.டி.எஃப். ஊற்றாதே என்கிறது. ஹூண்டாயில் பி.எஸ்.எஃப். 3, பி.எஸ்.எஃப். 4 என்று இரண்டு உண்டு. ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் பச்சை நிறத்தில், கடுங்குளிரிலும் இளகி ஓடக்கூடிய செயற்கை வகை ஆயில். பெயர் சி.எச்.எஃப். என்று தொடங்கும். பச்சை கேட்கும் வண்டியில் சிவப்பை ஊற்றுவது, சிவப்பு கேட்கும் வண்டியில் பச்சையை ஊற்றுவது இரண்டும் தவறு.

கடையில் இன்னொரு குழப்பம். டெக்ஸ்ரான் 3 தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-உடன் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே டெக்ஸ்ரான் 6 வந்துவிட்டது. இன்றைக்கு டெக்ஸ்ரான் 3 என்று எழுதி விற்கும் பாட்டில்களில் 'அந்தத் தரத்துக்கு ஏற்றது' என்பது ஆயில் கம்பெனி தானே சொல்லிக் கொள்வது. அதனால் பெயர் தெரியாத பாட்டிலைக் குறைந்த விலைக்கு வாங்காமல், தெரிந்த கம்பெனி ஆயிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. மொத்தத் தேவையே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். சில நூறு ரூபாயில் முடியும் விஷயத்தில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்து என்ன செய்ய? 'எல்லா வண்டிக்கும் ஏற்றது' என்று எழுதியிருக்கும் பாட்டிலிலும், பின்பக்கம் பொடி எழுத்தில் உங்கள் வண்டி கேட்கும் தரத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நிறத்தை வைத்து வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏ.டி.எஃப்.-இன் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று அடையாளம் தெரியப் போட்டது. டொயோட்டா ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டும் சிவப்பு அல்லது ரோஸ் நிறம்தான். பச்சைக் கூலண்டும் உண்டு, பச்சை ஸ்டீயரிங் ஆயிலும் உண்டு. தரையில் கிடக்கும் சொட்டைத் தொட்டுப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பிசுக்காக நின்றால் ஆயில், தண்ணீரில் சட்டென்று கரைந்து போனால் கூலண்ட்.

தவறான ஆயிலை ஊற்றிவிட்டது தெரிந்தால் என்ன செய்வது? என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஸ்டீயரிங்கையும் திருப்பாதீர்கள். அதுவரை பெரும்பகுதி டப்பாவில்தான் இருக்கும். அப்படியே உறிஞ்சி எடுத்துவிட்டு, சரியான ஆயிலை ஊற்றி ஊற்றி அலசி எடுக்கலாம். ஸ்டார்ட் செய்து ஓட்டிய பிறகு என்றால் நல்ல மெக்கானிக்கிடம் போய் மொத்தத்தையும் கழுவ வேண்டியதுதான். மாமா அந்தப் பத்து நாளில் ஓட்டியது ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர்.

ஆயிலின் அளவைப் பார்ப்பது சுலபம். டப்பாவின் பக்கத்தில் கோடுகள் இருக்கும். சில வண்டியில் மூடியிலேயே ஒரு குச்சி இருக்கும். சூடு, குளிர் என்று இரண்டு அளவு போட்டிருந்தால் கவனம் தேவை. ஆயில் சூட்டில் விரியும். காலையில் ஓட்டாத வண்டியில் குளிர்க் கோட்டைப் பார்க்க வேண்டும், அரைமணி ஓட்டிய வண்டியில் சூட்டுக் கோட்டை. காலையில் சூட்டுக் கோடு வரை ஊற்றிவிட்டால் மதியம் மூடி வழியாக வழியும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் அந்த வால்வுக்குப் பகை.

முக்கியமான ஒன்று. இந்த ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்து போகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மாதா மாதம் கொஞ்சம் ஊற்றிக் கொள்வது வைத்தியம் ஆகாது. டப்பாவின் ஹோஸ் கிளாம்ப், பம்பின் அடிப்பக்கம், அழுத்தக் குழாயின் ஜாயின்ட் இவற்றைப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால், ரேக்கின் இரண்டு முனையிலும் துருத்தி மாதிரி இருக்கும் ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே குலுங்கினால் திருடன் அங்கேதான். சீல் போய் ஒழுகும் ஆயில் வெளியே தெரியாமல் இந்த உறைக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆயில் சைலன்சர் குழாய் மேல் சொட்டினால் புகையோடு நிற்காது, தீப்பிடிக்கவும் கூடும். ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று விற்பதும் இருக்கிறது. அது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டும், அவ்வளவுதான்.

சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. திருப்பும்போது ஊளையிடுவது போல் வந்தால் ஆயில் குறைவு அல்லது உள்ளே காற்று. ஆயில் நுரைத்துப் பாலாகத் தெரிந்தாலும் காற்று அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. 'கீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட் தளர்வு, ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாற்றுவது எப்போது? பல கம்பெனிகள் இதற்குக் கெடுவே சொல்வதில்லை. சோதித்துப் பார் என்பதோடு விட்டுவிடுகின்றன. நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் ஓடும் வண்டிக்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் ஆசிரியரின் கணக்கு. ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு மங்கிக் காப்பிக் கஷாயம் போல் ஆகி, கருகல் வாசம் அடித்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முறை ஒன்று. முன் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி டப்பாவில் இருப்பதை உறிஞ்சுங்கள். புது ஆயில் ஊற்றுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாக நாலு முறை திருப்பி, நிறுத்தி, மறுபடி உறிஞ்சுங்கள். ஒரு தடவை செய்தால் போதுமா? கணக்குப் போடுவோம். மொத்தம் 1 லிட்டரில் டப்பா பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பழசில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். மூன்று தடவைக்குப் பிறகும் கிட்டத்தட்ட 30 சதவீதம் பழசுதான். ஐந்து தடவை செய்தால் 13 சதவீதத்துக்கு வரும். இதற்கு ஆயிலும் ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். முடிந்ததும் மூடியைத் திறந்து, இன்னொரு முறை இரு பக்கமும் திருப்பி, குமிழி வருவது நிற்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பட்டறையில் பழைய ஆயில் சேர்க்கும் டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது வரும் புதிய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஆயிலே கிடையாது. பம்புக்குப் பதில் மின்மோட்டார்தான் ஸ்டீயரிங்குக்கு உதவுகிறது. 1988-இல் ஜப்பானில் சுஸுகி செர்வோ என்ற சின்னக் காரில் வந்த ஏற்பாடு இது. மோட்டார் திருப்பும்போது மட்டும் கரண்ட் எடுப்பதால் எரிபொருள் மிச்சம். இதில் ஸ்டீயரிங் கனமானால் பேட்டரி, பியூஸ், ஒயரிங் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். மின்மோட்டாரால் ஆயில் பம்பை ஓட்டும் கலப்பு வகையும் சில வண்டிகளில் உண்டு, அவற்றில் டப்பா இருக்கும். எனவே சர்வீஸ் பில்லில் 'பவர் ஆயில் மாற்றியது' என்று ஒரு வரி இருந்தால், பணம் கொடுக்கும் முன் பானட்டைத் திறந்து டப்பா எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.